கதவடைத்த வானொலியும் காஞ்சித் தலைவரும்

2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. அதற்கு முன்பே கோவளத்துக் கரையில் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டு, வலைகளைச் சுருட்டி வைத்துவிட்டு, மீனவர்கள் செய்திக்குக் காது கொடுத்திருந்தனர். காற்று எந்தத் திசை, வேகம் எவ்வளவு, துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றெல்லாம் வானொலி சொல்லச் சொல்ல அதை நம்பினார்கள். நம்பியபடியே நடந்துகொண்டார்கள். உயிர் பிழைப்பது அந்தச் சொல்லை ஒட்டியது என்பது கடலோரத்தானுக்குத் தெரியும்.

ஆனால் அதே பெட்டி, அதே குரல், வானிலையை முடித்துவிட்டு அரசியல் செய்திக்கு வந்ததும் அதே மீனவர் உதட்டைப் பிதுக்குகிறாரே, ஏன்? புயலுக்குக் கட்சி இல்லை. செய்திக்கு உண்டு என்று அவர் எண்ணுகிறார். அந்த எண்ணம் ஒரே நாளில் தோன்றியதல்ல. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததுமல்ல. பல ஆண்டுக் கேள்வியின் விளைவு அது.

அந்தக் கேள்வியின் வரலாற்றை அறிய வேண்டுமானால், இந்தச் செங்கற்பட்டுச் சீமையிலே பிறந்த ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். காஞ்சிபுரமும் கோவளமும் அந்நாளில் ஒரே மாவட்டம். இங்கே கடல், அங்கே தறி. தறி ஓசை கேட்கும் அந்த ஊரில், எளிய நெசவாளர் குடியில், 1909 செப்டம்பர் 15ஆம் நாள் பிறந்தார் அண்ணாதுரை. தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். தமிழ்நாடு முழுவதும் அண்ணா என்ற ஒரே சொல்லால் அழைத்த அந்த மனிதரின் வாழ்வும், வானொலி என்னும் கருவியின் வளர்ச்சியும் ஏறத்தாழக் கூடவே நடந்தன. கூடவே நடந்தன என்றேனே தவிர, கைகோத்து நடந்தன என்று சொல்லவில்லை.

அண்ணா பள்ளிச் சிறுவராக இருந்த 1924ஆம் ஆண்டில்தான் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் வானொலிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவிலேயே முன்னோடி முயற்சிகளில் ஒன்று அது. பணமில்லாமல் 1927இல் நின்றது. பிறகு சென்னை மாநகராட்சி அந்தக் கருவியை ஏற்று 1930 முதல் ஒலிபரப்பியது. பச்சையப்பன் கல்லூரியில் அண்ணா பொருளியலும் அரசியலும் பயின்ற காலம் அது. அன்றைய வானொலி பாட்டுப் பாடியது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது. அதை யாரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்கும்படி அதனிடம் அரசியல் அதிகாரம் இல்லை.

1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. மாகாணத்தின் முதலமைச்சர் அப்போது இராசகோபாலாச்சாரியார். அதே ஜூன் மாதத்தில்தான் பள்ளிகளில் கட்டாய இந்தி கூடாது என்ற கிளர்ச்சி சென்னையில் தொடங்கியது. அந்தக் கிளர்ச்சியில் சிறை புகுந்தவர்களில் ஒருவர் அண்ணா. நான்கு திங்கள் தண்டனை. நிலையம் திறந்ததும் சிறைக்கதவு மூடியதும் ஒரே ஆண்டில். இதற்கு யாரும் திட்டமிடவில்லைதான். ஆயினும் காலம் சில நேரங்களில் நல்ல கேலிச் சித்திரக்காரனைப் போல நடந்துகொள்கிறது.

அடுத்து வந்தது உலகப் போர். வெள்ளைக்காரத் துரைத்தனத்தின் வானொலி வெற்றி வெற்றி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மக்களோ கதவைச் சாத்திக்கொண்டு, ஒலியைக் குறைத்துக்கொண்டு, சுபாசு சந்திர போசின் குரல் வரும் அலைவரிசையைத் தேடினார்கள். 1942 ஆகஸ்டில் பம்பாயில் உஷா மேத்தா என்னும் இளம் பெண்ணும் அவருடைய தோழர்களும் மறைவிடத்தில் காங்கிரஸ் வானொலி ஒன்றை நடத்தினர். நவம்பரில் பிடிபட்டனர், சிறை சென்றனர். ஏன் நடத்தினார்கள்? அரசின் வானொலி ஆள்வோரின் ஊதுகுழல், அதிலே நாட்டு மக்களின் செய்தி வராது என்பதால். அந்த வாதம் சரியான வாதம். வீரமான செயல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஐந்தே ஆண்டுகளில் அந்த நிலையங்களின் சாவி அதே கட்சியின் கைக்கு வந்தது. சாவியை வாங்கிய கை, பூட்டை மாற்றவில்லை.

போர்க்காலத்தில்தான், 1942 மார்ச்சில், காஞ்சிபுரத்திலிருந்து திராவிட நாடு கிழமை ஏட்டை அண்ணா தொடங்கினார். அச்சுக்கூடம் சிறிது, தாள் தட்டுப்பாடு பெரிது. எழுதுவதும் அவரே, திருத்துவதும் அவரே என்ற நிலை. அந்த ஏட்டோடு நாடகமும் சேர்ந்தது. சந்திரோதயம், ஓர் இரவு, வேலைக்காரி என்று கொட்டகைகள் நிரம்பின. 1949இல் வேலைக்காரியும் நல்லதம்பியும் திரைக்கு வந்தன.

வானொலி நிலையம் அண்ணாவை முற்றிலும் ஒதுக்கிவிட்டதா? இல்லை, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு புத்தகசாலை வேண்டும் என்று அவர் ஆற்றிய உரை வானொலி உரைதான். இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். வீடு கட்டுகிறவன் பூசையறை நினைக்கிறான், சமையலறை நினைக்கிறான், நூலுக்கு ஓர் அலமாரியை நினைப்பதில்லையே என்ற ஏக்கம் கொண்ட அருமையான பேச்சு அது. நூலைப் பற்றிப் பேசலாம் என்று நிலையம் இடம் கொடுத்தது. நாட்டைப் பற்றிப் பேசுவதற்குத்தான் இடமில்லை. கட்சித் தலைவர்கள் தம் கொள்கையைச் சொல்ல இந்திய வானொலி 1977 வரையில் நேரம் ஒதுக்கியதே இல்லை. 1952, 1957, 1962, 1967 என நான்கு பொதுத் தேர்தல்கள், இடையிலே 1971 தேர்தல். எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து தம் கட்சிக்கு வாக்குக் கேட்க முடியவில்லை. ஆளுங்கட்சிக்கும் அந்த வாய்ப்பு இல்லையே என்று சமாதானம் சொல்வார்கள். அமைச்சருக்கு அது எதற்கு? அவர் அணை திறந்தால் செய்தி, பாலம் திறந்தால் செய்தி, பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்தாலும் செய்தி.

1949 செப்டம்பர் 17ஆம் நாள் சென்னை இராயபுரம் இராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பெற்றது. அது முதல் கழகத்துக்கு வானொலியாக இருந்தவை எவை? மேடை ஒன்று. ஏடு ஒன்று. முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றிலும் நின்று கேட்ட படிப்பகம் ஒன்று. அண்ணா கூட்டத்துக்கு நேரம் கழித்து வருவார். இரவு பதினொரு மணியானாலும் கூட்டம் கலையாது. அவர் வந்த பிறகு, பொடியைச் சிமிட்டிவிட்டுப் பேசத் தொடங்கினால் கடல் மணல் போல் மக்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். பொடி விஷயத்தை எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். எழுதினால் என்ன, ஊரறிந்த செய்திதானே!

மறுநாள் காலை ஏழே கால் மணிக்குத் தில்லியிலிருந்து தமிழில் செய்தி வரும். அந்தச் செய்தி தில்லியில் ஆங்கிலத்தில் தொகுக்கப்பெற்றுத் தமிழில் பெயர்க்கப்பெறுவது. இங்கே இலட்சம் பேர் கூடிய கூட்டம் அதில் இராது, அங்கே துணை அமைச்சர் ஒருவர் விமானம் ஏறியது இருக்கும் என்பது அந்நாளில் கழகத்தார் இடைவிடாமல் சொன்ன குறை. அக்குறையில் மிகையும் இருந்திருக்கலாம். ஆனால் சார்பு என்பது எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்கள் சரியாகவே கண்டுகொண்டிருந்தனர். வானொலி பொய் சொல்ல வேண்டியதில்லை. எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது, எதற்கு ஒரு மணித்துளி, எதற்கு ஒரு வரி, எதற்கு அந்த ஒரு வரியும் இல்லை என்று முடிவு செய்தாலே போதும். ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் ஒரு கட்சியை நாட்டிலிருந்தே காணாமற் செய்துவிடலாம்!

இது இந்தியாவின் தனிக் குற்றமா என்றால் அதுவும் இல்லை. 1926இல் இங்கிலாந்தில் தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் செய்தபோது, எதிர்க்கட்சித் தலைவர் இராம்சே மக்டொனால்டுக்கு பி.பி.சி. பேச இடம் தரவில்லை. பிரதமர் பேசினார். ஆனால் அதே நிறுவனம் 1956இல், சூயசுப் போரின்போது, பிரதமர் ஈடன் பேசிய மறுநாள் எதிர்க்கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெல்லுக்கு மறுமொழி சொல்ல நேரம் கொடுத்தது. ஈடனுக்குக் கடுஞ்சினம். படைகள் போருக்குப் போயிருக்கும் வேளையில் இதைச் செய்யலாமா என்ற கூச்சல் எழுந்தது. நிறுவனம் அசையவில்லை. முப்பது ஆண்டில் அங்கே அந்த முதுகெலும்பு வளர்ந்தது. அதே 1950களில் இங்கே என்ன நடந்தது? செய்தித்துறை அமைச்சர் கேஸ்கர் திரைப்பாட்டு வேண்டாம் என்று தடுத்தார். மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். கோவளம் முதல் கோடியக்கரை வரை கொழும்புத் தமிழ் கேட்டது. பாட்டுக்குப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்றதும் 1957இல் விவித பாரதி வந்தது. பாட்டு விஷயத்தில் போட்டி இருந்தது, ஆகவே தில்லி இறங்கி வந்தது. செய்தி விஷயத்தில் போட்டி இல்லை, ஆகவே இறங்கி வரவில்லை.

பெயரிலும் பிடிவாதம்தான். 1957இல் ஆகாசவாணி என்ற பெயரை நாடு முழுமைக்கும் சூட்டினார்கள். வானொலி என்ற அழகான சொல் தமிழில் வேரூன்றியிருந்தது. நிலையமே வானொலி என்ற பெயரில் நிகழ்ச்சி இதழும் நடத்திவந்தது. அந்தச் சொல் இருக்க இந்தச் சொல் எதற்கு என்று தமிழறிஞர்கள் கேட்டனர், கட்சி வேறுபாடின்றிக் கேட்டனர். 2023 மே மாதம் அகில இந்திய வானொலி என்ற பெயரை விட்டு ஆகாசவாணி என்றே எங்கும் சொல்ல வேண்டும் என்று ஆணை பிறந்தபோது, டி. ஆர். பாலு அமைச்சருக்கு எழுதிய கடிதம் அந்தப் பழைய கேள்வியின் தொடர்ச்சிதான்.

1957இல் கழகம் முதன்முறையாகத் தேர்தலில் நின்று 15 இடம் பெற்றது. அண்ணா காஞ்சிபுரத்தில் வென்றார். 1962இல் இடங்கள் 50 ஆயின, அண்ணா மட்டும் காஞ்சிபுரத்தில் தோற்றார். மாநிலங்களவைக்குப் போனார். 1963இல் சென்னை மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்ற பூபேஷ் குப்தா கொண்டுவந்த மசோதாவை ஆதரித்து அங்கே வாதாடினார். மசோதா தோற்றது. ஆகவே வானொலியும் சென்னை ராஜ்யம் என்றே தொடர்ந்தது. கோவளத்தான் கேட்ட புயல் எச்சரிக்கையிலும் அவனுடைய நாட்டுக்கு அவனுடைய பெயர் இல்லை.

பிறகு 1965 வந்தது. ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்ற நிலை. அதற்கு முந்தைய ஆண்டே திருச்சியில் கீழப்பழுவூர்ச் சின்னசாமி தீக்குளித்து மாண்டிருந்தார். அந்நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கக் கழகம் முடிவு செய்தது. முன்னெச்சரிக்கை என்ற பெயரில் அண்ணாவும் ஆயிரக்கணக்கான கழகத்தோழர்களும் கைது செய்யப்பட்டனர். தலைவர்கள் உள்ளே, மாணவர்கள் தெருவிலே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் இராசேந்திரன் குண்டுக்கு இரையானார். ஊர் ஊராகத் துப்பாக்கிச் சூடு. அரசுக் கணக்கிலேயே மாண்டவர் எழுபது பேர் அளவில்.

அந்த நாட்களின் வானொலிச் செய்தியில் கல்லெறிதல் வந்தது, தீவைப்பு வந்தது, கல்லெறிந்த கையின் பின்னே இருந்த காரணம் வரவில்லை என்று மக்கள் குமுறினர். பெற்ற பிள்ளையைக் காணாத தாய் செய்தியைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு தெருவில் வந்தவனைக் கேட்டாள். எதை நம்புவது என்று கேட்டால் தெருவை நம்பினாள். பிப்ரவரி 11ஆம் நாள் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அளகேசன் யார்? நம் செங்கற்பட்டுத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர்! அவரே தாங்க முடியாமல் வெளியேறத் துணிந்தார் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்க வேண்டும். அன்றிரவு பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேரு கொடுத்த உறுதிமொழி காக்கப்படும் என்று அறிவித்தார்.

சாஸ்திரி பேசியது நல்லது. அவர் பேச்சு தீயை அணைக்க உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். யாரிடம் பேசினாரோ அந்த மக்களின் தலைவருக்கு அதே ஒலிவாங்கியில் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால், அமைதி காத்திடுவீர் என்று அண்ணா தம் குரலில் ஜனவரி 27ஆம் நாளே சொல்ல முடிந்திருந்தால், எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்? கணக்கிட முடியாது. ஒருவேளை ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கலாம். அந்த ஒன்றுக்காகவாவது அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்திருக்கலாம்.

இரண்டே ஆண்டு. 1967 பிப்ரவரியில் வாக்கு எண்ணிக்கை. தேர்தல் முடிவை மறைக்க எந்த வானொலியாலும் முடியாது. புயலைப் போன்றது அதுவும். கழகம் வென்றது, மீண்டும் கழகம், மீண்டும் கழகம். விருதுநகரில் பெருந்தலைவர் காமராசர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1285 வாக்கில் தோற்றார் என்பதையும் அதே பெட்டிதான் சொல்லியாக வேண்டியிருந்தது. பஞ்சாயத்து வானொலியின் கீழே கூடியிருந்தவர்கள், தமக்குப் பிடித்த செய்தியை அந்த ஒலிபெருக்கி சொல்லக் கேட்டது அநேகமாக அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். மார்ச் 6ஆம் நாள் அண்ணா முதலமைச்சரானார்.

அதே ஆண்டில் பல மாநிலங்களில் காங்கிரசல்லாத ஆட்சிகள் வந்தன. உடனே தில்லிக்கு ஒரு தலைவலி: மாநில அமைச்சர் வானொலியில் மத்திய சர்க்காரைக் கண்டித்துப் பேசினால் என்ன செய்வது? கேரளத்திலும் வங்காளத்திலும் சச்சரவு எழுந்தது. நிலையத்தின் ஒழுக்க விதியில் மத்திய அரசையோ மாநில அரசையோ பகைமையோடு கண்டிக்கக் கூடாது என்றும், கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது என்றும் இடம் பெற்றது. படித்தால் நியாயம் போலத்தான் இருக்கும். நடைமுறையில் அது யார் வாயைக் கட்டியது என்பதற்கு 2017 ஆகஸ்டே சான்று. திரிபுரா முதலமைச்சர் மாணிக் சர்க்காரின் சுதந்திர நாள் உரையை மாற்றியமைத்தால்தான் ஒலிபரப்புவோம் என்று வானொலியும் தொலைக்காட்சியும் சொல்லின. அவர் மாற்றவில்லை. உரை வரவில்லை. 2014 அக்டோபர் 3 முதல் பிரதமர் மாதந்தோறும் வானொலியில் மனத்தின் குரலைப் பேசிவருகிறார். எதிர்க்கட்சித் தலைவரின் மனத்துக்கு அப்படியொரு குரல் அங்கே கிடையாது.

இதை எழுதும் ஏடு கட்சிச் சார்புள்ள ஏடுதானே, உனக்கு நடுநிலை பற்றிப் பேச என்ன தகுதி என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த ஏடு சார்புள்ளது. நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கிறது. விருப்பமுள்ளவர் காசு கொடுத்து வாங்குகிறார், விருப்பமில்லாதவர் அடுத்த ஏட்டை வாங்குகிறார். வானொலி அப்படியா? அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் வரிசையில் நின்று உரிமக் கட்டணம் கட்டியவர்களில் எல்லாக் கட்சிக்காரரும் இருந்தனர். கட்டணம் போன பிறகு வரிப்பணம். அதிலும் எல்லார் பங்கும் உண்டு. தனியார் பண்பலைகள் செய்தி சொல்லலாமா என்றால், 2019 முதல் வானொலியின் செய்தியை மாற்றாமல் திருப்பி ஒலிபரப்பலாம், அவ்வளவே. ஒரே கடை, ஒரே சரக்கு. அந்தக் கடைக்கு நடுநிலை வேண்டும் என்று கேட்பது, எல்லாக் கடைக்கும் கேட்பதாகாது.

1966இல் சந்தா குழு வானொலியைத் தன்னாட்சி அமைப்பாக்கச் சொன்னது. நெருக்கடி நிலையில் வானொலி பட்ட பாட்டைக் கண்ட பிறகு 1978இல் வர்கீஸ் குழுவும் அதையே சொன்னது. 1990இல் பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறி, ஏழாண்டு உறங்கி, கழகமும் பங்கு கொண்ட ஐக்கிய முன்னணி ஆட்சியில் 1997 செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அண்ணா பிறந்த நாள்! சட்டம் வந்தது. பணமும் பதவி நியமனமும் இன்னும் தில்லியின் கையில். 2024 அக்டோபரில் சென்னைத் தொலைக்காட்சி விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் திராவிடம் என்ற சொல் வரும் அடி மட்டும் விடுபட்டது. தவறு நேர்ந்தது என்று வருத்தம் தெரிவித்தார்கள். தவறுக்கும் ஒரு திசை இருக்கிறது போலும்.

முதலமைச்சர் அண்ணாவுக்குக் கிடைத்த நாட்கள் இரண்டாண்டுக்கும் குறைவு. 1967 ஜூலை 18இல் தமிழ்நாடு என்று பெயர் மாற்றத் தீர்மானம்; சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம்; 1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாடு, அதே மாதம் 23ஆம் நாள் இருமொழித் தீர்மானம். அந்த ஆண்டே நோய் பற்றியது. அமெரிக்கா சென்று அறுவை மருத்துவம் செய்துகொண்டு திரும்பினார். 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில், மாநிலத்தின் பெயர் சட்டப்படி தமிழ்நாடு ஆயிற்று. அன்று கலைவாணர் சிலையைத் திறந்துவைத்தார், மெலிந்த உடலோடு. அன்று முதல் வானொலியும் தமிழ்நாடு என்றே சொல்லியாக வேண்டும். அதைக் கேட்கும் பேறு அவருக்கு மூன்று கிழமைக்குள்தான் கிடைத்தது.

1969 பிப்ரவரி 3, நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில் அடையாற்றில் அவர் உயிர் பிரிந்தது. விடிந்ததும் செய்தி கரையோரமெங்கும் வானொலி வழியே பரவியது. அந்த முறை யாரும் தெருவில் வந்தவனைக் கேட்டுச் சரிபார்க்கவில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பேருந்தில் இடம் கிடைத்தவர்கள் சென்னைக்குப் போனார்கள். இடம் கிடைக்காதவர்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இராசாசி மண்டபத்திலிருந்து கடற்கரை வரை இறுதி ஊர்வலத்தை வருணனையாளர்கள் தழுதழுத்த குரலில் சொன்னார்கள். கலைஞர் கருணாநிதி தம் அண்ணனுக்கு எழுதிய இரங்கற்பாவைத் தம் கரகரத்த குரலில் வானொலியிலேயே படித்தார். தில்லியின் செய்தியைக் கேட்டு உதடு பிதுக்கிய அந்தக் கரையோரத்து மக்கள், அன்று அதே பெட்டியின் முன்னே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள்.